ஸ்டென்ட்டின் விலை தெரியும், சிகிச்சையின் விலை?

நள்ளிரவு நேரம். 'கேத் லேப்' எனப்படும் இதயச் சிகிச்சைக்கூடத்தின் வாசலில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. உள்ளிருந்து வரும் மருத்துவர், உறவினர்களை அழைத்துத் திரையில் ஓடும் கறுப்பு - வெள்ளைப் படத்தைக் காட்டுகிறார். ஓரிடத்தில் தொண்ணூறு சதவீத அடைப்பு, இன்னோரிடத்தில் எழுபது சதவீதம். இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா, வேறொரு நாளில் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். பத்து நிமிடத்துக்குள் விடை சொல்லியாக வேண்டும். நீட்டப்படும் படிவத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கிறது. மகன் கையொப்பமிடுகிறார். உணர்வுடன் மேசையில் படுத்திருக்கும் தந்தையிடம் பெரும்பாலும் எவரும் எதுவும் கேட்பதில்லை.

தமிழகத்தின் எந்த நகரத்திலும் எந்த இரவிலும் காணக்கூடிய காட்சி இது. அந்தப் படிவத்தில் உள்ள தொகை எப்படி உருவானது, அதில் எவ்வளவு கருவிக்கு, எவ்வளவு கூடத்துக்கு, எவ்வளவு மருத்துவரின் திறனுக்கு, எவ்வளவு இடைத்தரகருக்கு என்று கேட்டால் குடும்பத்தினருக்குத் தெரியாது. பல நேரங்களில் மருத்துவருக்கே தெரியாது. உள்ளே பொருத்தப்படும் ஸ்டென்ட்டின் உச்சவரம்பு விலையை மத்திய அரசு பைசா கணக்கில் அறிவிக்கிறது. ஆனால், அதைப் பொருத்தும் சிகிச்சைக்கு என்ன ஆகும் என்பதை அறிவிக்க எந்த ஏற்பாடும் இல்லை. இந்த இடைவெளியைப் புரிந்துகொள்வது, மருத்துவச் செலவு பற்றிய நம் விவாதத்துக்கு இன்றியமையாதது.

உடலைப் பெரிதாகத் திறக்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டே சிறு துளை வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் சிகிச்சைமுறைக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், கால் அழுகிய நிலையில் இருந்த 82 வயது மூதாட்டி ஒருவர் காலை வெட்டி எடுக்க மறுத்துவிட்டார். கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் அவரது தொடை இரத்தக்குழாயின் சுருக்கத்தைக் கதீட்டர் எனும் மெல்லிய குழாய்களைக் கொண்டு விரித்தார்; கால் காப்பாற்றப்பட்டது. 1977 செப்டம்பரில் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக், விழித்திருந்த நோயாளி ஒருவரின் இதய இரத்தக்குழாயை முதன்முதலாகப் பலூன் மூலம் விரித்தார். அவரது தொடக்ககாலப் பலூன் கதீட்டர்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உருவானவை. 1986-இல் மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. இன்று மூளை இரத்தக்குழாயில் சிக்கிய கட்டியை அகற்றுவது, கருப்பையை எடுக்காமலே அதிலுள்ள நார்த்திசுக் கட்டிக்குச் செல்லும் இரத்தத்தைத் தடுப்பது, கல்லீரல் புற்றுக்கட்டியை வெப்பத்தால் சுடுவது எனப் பல சிகிச்சைகள் இவ்வழியில் நடைபெறுகின்றன.

காயம் சிறிது, படுக்கை நாள்கள் குறைவு, வேலைக்குத் திரும்புவது விரைவு. அப்படியானால் செலவும் குறைய வேண்டும் என்று நினைப்பது இயல்பு. நடப்பது வேறு. திறந்த அறுவைச் சிகிச்சையில் செலவின் பெரும்பகுதி அறுவை அரங்கு, மயக்க மருந்து, தீவிர சிகிச்சைப் பிரிவு, நீண்ட படுக்கை நாள்கள் ஆகியவற்றுக்குச் செல்கிறது. துளைவழிச் சிகிச்சையில் அது இயந்திரத்துக்கும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களுக்கும் இடம்பெயர்கிறது. செலவு மறைவதில்லை, இருப்பிடத்தை மாற்றிக்கொள்கிறது. படுக்கைக் கட்டணம் எல்லோருக்கும் புரியும். வழிகாட்டிக் கம்பி, உறை, பலூன், படத்தில் இரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாயமருந்து ஆகியவற்றின் விலை சாமானியருக்குப் புரிவதில்லை. புரியாத இடத்தில்தான் லாபம் தங்குகிறது.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். ஒரு கேத் லேப் அமைக்கப் பல கோடி ரூபாய் ஆகும். கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சுவர்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள், செவிலியர்கள் என்று ஒரு நோயாளிகூட வராவிட்டாலும் ஆகும் செலவுகள் இவை. ஒரு கணக்குக்காக, இந்த நிலைச்செலவு ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 சிகிச்சைகள் நடந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 30,000 ரூபாய் விழும். 1,500 சிகிச்சைகள் நடந்தால் அதே சுமை 10,000 ரூபாயாகிவிடும். ஒரே சிகிச்சைக்கு இரண்டு மருத்துவமனைகளில் வெவ்வேறு கட்டணம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே சாலையில் மூன்று மருத்துவமனைகள் போட்டிக்காக ஆளுக்கொரு கேத் லேப் அமைத்தால், கூடங்கள் பாதி நேரம் காலியாகக் கிடக்கும். கடன் தவணை மட்டும் மாதந்தோறும் வந்து நிற்கும். அந்நிலையில் கட்டணத்தை உயர்த்த வேண்டும், அல்லது மேசையில் ஏறுபவர்களின் எண்ணிக்கையை உயர்த்த வேண்டும். இரண்டாவது வழியின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, பொருள்களின் விலை. 2016-இல் ஸ்டென்ட்டுகள் தேசிய அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதைத் தொடர்ந்து 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் அவற்றுக்கு உச்சவரம்பு விதித்தது. மருந்து பூசப்படாத உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய். மருந்து பூசப்பட்டதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன்பு மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி அதிகபட்ச சில்லறை விலை சுமார் 1.21 லட்சம் ரூபாயாக இருந்தது. உற்பத்தியாளர் அல்லது இறக்குமதியாளரிடமிருந்து நோயாளியைச் சென்றடையும் பாதையில் அதிக லாபம் சேர்ந்த இடம் மருத்துவமனையே என்றும், அது 654 சதவீதம் வரை சென்றது என்றும் ஆணையம் வெளிப்படையாகக் கூறியது. ரசீதில் ஸ்டென்ட்டின் விலை, தயாரிப்பு நிறுவனம், தொகுதி எண் ஆகியவற்றைத் தனியே குறிப்பிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது.

இந்திய மருத்துவச் சந்தையில் அரசு எடுத்த துணிச்சலான நடவடிக்கைகளுள் அது ஒன்று. சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்களின் விலை உயர்ந்த ஸ்டென்ட்டுகளைத் திரும்பப் பெற அனுமதி கோரின. தரமான சிகிச்சையே கிடைக்காமல் போகும் என்ற அச்சமும் எழுப்பப்பட்டது. அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் ஸ்டென்ட் வைக்கும் பணி நாட்டில் நின்றுவிடவில்லை. மொத்தவிலைக் குறியீட்டுக்கு ஏற்ப உச்சவரம்பு அவ்வப்போது திருத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு, வரி நீங்கலாக, ஏறத்தாழ 38,900 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய சராசரி விலையில் மூன்றில் ஒரு பங்கையே அது எட்டியிருக்கிறது.

ஆனால், உச்சவரம்பு என்பது ஒரு ஸ்டென்ட்டுக்கானது. ஒரு சிகிச்சைக்கானது அல்ல. மூன்று ஸ்டென்ட் வைத்தால் விலை மூன்று மடங்கு. அத்துடன், ஸ்டென்ட்டை உள்ளே கொண்டுசெல்ல உதவும் பலூன், கதீட்டர், வழிகாட்டிக் கம்பி போன்றவற்றுக்கு அத்தகைய உச்சவரம்பு இல்லை. 2020 ஏப்ரல் முதல் மருத்துவக் கருவிகள் அனைத்தும் மருந்துகளாகக் கருதப்படுவதால், அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்குமேல் உயர்த்தக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு. தொடக்க விலையே பன்மடங்காக அச்சிடப்பட்டிருந்தால் இந்தக் கட்டுப்பாட்டால் நோயாளிக்கு என்ன பயன்? 2018-இல் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆணையம் ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை சென்றிருப்பது தெரியவந்தது. ஸ்டென்ட்டில் இழந்ததைச் சிகிச்சைக் கட்டணத்திலும் பிற பொருள்களிலும் ஈடுசெய்துகொள்கிறார்கள் என்ற புகார் விலைக் கட்டுப்பாடு வந்த நாளிலிருந்தே உண்டு. காற்று நிரம்பிய பலூனை ஓரிடத்தில் அழுத்தினால் மற்றோரிடத்தில் புடைக்கத்தான் செய்யும்.

மருத்துவமனைகளின் தரப்பில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. மாரடைப்பு அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. அதிகாலை மூன்று மணிக்கும் ஒரு குழு தயாராக இருக்க வேண்டுமென்றால் அதற்கு ஊதியம் உண்டு. காப்பீட்டுத் திட்டங்கள் நிர்ணயிக்கும் தொகை செலவுக்குக் கட்டுபடியாகவில்லை, அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற குறையும் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. பல்லாண்டுப் பயிற்சி பெற்ற நிபுணரின் கட்டணம் கௌரவமானதாக இருக்க வேண்டும் என்பதிலும் இருவேறு கருத்து இருக்க முடியாது. கேள்வி வேறு. அந்தச் செலவை ஏன் அதன் சொந்தப் பெயரில் கேட்கக் கூடாது? மருத்துவரின் திறனுக்குக் குறைந்த தொகையை எழுதிவிட்டு, நெகிழிக் குழாயின் விலையில் அதை மறைத்து வசூலிக்கும் முறை மருத்துவருக்கும் பெருமை சேர்ப்பதல்ல. அம்முறையில் அதிகக் கருவிகளைப் பயன்படுத்துபவருக்கு அதிக வருவாய். குறைந்த கருவிகளில் நேர்த்தியாக முடிப்பவருக்குக் குறைந்த வருவாய்.

எல்லாவற்றையும்விட விலை உயர்ந்த சிகிச்சை, தேவையில்லாமல் செய்யப்படும் சிகிச்சைதான். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். இரத்தக்குழாய் முழுமையாக அடைபட்டு மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் நேரத்தில் செய்யப்படும் ஆஞ்சியோபிளாஸ்டி உயிர் காப்பது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையின் ஒரு பகுதி. செலவுக் கணக்குப் பார்த்துத் தாமதிக்கும் நேரம் அதுவல்ல. நடக்கும்போது மட்டும் நெஞ்சுவலி வந்து, ஓய்வில் தணிந்துவிடும் நிலையான இதயநோய் வேறு வகை. அதற்கு ஆய்வுகள் சொல்வதும் வேறு. 2007-இல் வெளியான 'கரேஜ்' ஆய்வு 2,287 நோயாளிகளையும், 2020-இல் வெளியான 'இஸ்கீமியா' ஆய்வு 5,179 நோயாளிகளையும் உள்ளடக்கியவை. நிலையான இதயநோயில் முறையான மருந்துகளுடன் தொடக்கத்திலேயே ஸ்டென்ட் போன்ற சிகிச்சையையும் சேர்ப்பதால், மருந்துகளை மட்டும் கொடுப்பதைவிட இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறைவதில்லை என்பதே அவற்றின் முடிவு. நெஞ்சுவலியைத் தணிப்பதில் பயன் உண்டு. முக்கிய இடது இரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் போன்றோருக்கு இம்முடிவு பொருந்தாது.

ஆகவே, நிலையான நோயுள்ள ஒருவருக்குச் சிந்திக்க நேரமிருக்கிறது. இரண்டாவது மருத்துவரிடம் கேட்க, செலவை ஒப்பிட, மருந்துகளால் கட்டுப்படுகிறதா என்று பார்க்க அவகாசமிருக்கிறது. அந்த அவகாசம்தான் கேத் லேப் வாசலில் பத்து நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. எழுபது சதவீதம், தொண்ணூறு சதவீதம் என்ற எண்கள் அச்சத்தை உண்டாக்குகின்றன. அச்சத்தில் இருப்பவர் விலை பேசுவதில்லை. பேசுவதும் தவறு என்று நினைக்கிறார். பெற்றவரின் உயிருக்குப் பேரம் பேசிய பிள்ளை என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி, நகையை அடகு வைக்க ஓடுகிறார்.

இந்த இடத்தில் சட்டம் மௌனமாக இல்லை. சிறுதுளை வழியே நோயறியும் பரிசோதனைக்காக மட்டும் இசைவளித்த பெண் ஒருவர் மயக்கத்தில் இருந்தபோது, வெளியே அவருடைய தாயாரிடம் ஒப்புதல் பெற்றுப் பெரிய அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட வழக்கில், 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பை அளித்தது. பரிசோதனைக்குத் தரும் இசைவு சிகிச்சைக்கான இசைவாகாது; உயிராபத்து இல்லாத நிலையில், முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளியின் இசைவையே பெற வேண்டும்; மாற்று வழிகளையும் அவருக்கு விளக்க வேண்டும் என்று அது தெளிவுபடுத்தியது. ஆஞ்சியோகிராம் என்பது பரிசோதனை. ஆஞ்சியோபிளாஸ்டி என்பது சிகிச்சை. முன்னதற்காக உள்ளே சென்றவரைப் பின்னதற்கு உட்படுத்த, வாசலில் நிற்கும் மகனின் கையொப்பம் போதுமா என்று ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரே அமர்வில் இரண்டையும் செய்வதால் இரண்டாவது துளையும் கூடுதல் செலவும் மிச்சமாவது உண்மை. அதற்கு வழி, பரிசோதனைக்கு முந்தைய நாளே இரு வாய்ப்புகளையும் அவற்றின் செலவுகளையும் நோயாளியுடன் அமர்ந்து பேசுவதுதான்.

காப்பீடு இருந்தால் கவலையில்லை என்று எண்ணுவோரும் உண்டு. தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பளிக்கிறது. இது பெரும் கொடை. ஆனால், மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றே கூடுதலாக ஈட்டும் குடும்பம் இந்த வரம்புக்கு வெளியே நிற்கிறது. தனியார் காப்பீடு வாங்க அதனால் இயலாது. ஒரே ஒரு கேத் லேப் இரவு அதைக் கடனாளியாக்கிவிடும். தனியார் காப்பீடு உள்ளவர்களுக்கும் சிக்கல் இல்லாமலில்லை. பாலிசி அனுமதிக்கும் வாடகைக்கு மேற்பட்ட அறையைத் தேர்ந்தெடுத்தால், மருத்துவர் கட்டணம் போன்ற பிற செலவுகளையும் அதே விகிதத்தில் குறைத்துத் தரும் விதி பல பாலிசிகளில் உள்ளது. ஸ்டென்ட் போன்ற கருவிகள், மருந்துகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இப்படிக் கழிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கூறியிருப்பதை அறிந்தவர்கள் குறைவு. வீடு திரும்பிய பிறகு மாதக்கணக்கில் விழுங்க வேண்டிய இரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளின் செலவைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பணமின்றி அவற்றை இடையில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே இரத்தம் உறையும் அபாயம் உண்டு.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து நேரடியாகச் செலுத்தும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்தது என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. முன்னேற்றம்தான். எனினும் சராசரி என்பது ஒரு குடும்பத்தின் துயரைக் காட்டாது.

தீர்வு எட்டாத இடத்தில் இல்லை. மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைக்க முடியும் என்பதை 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நாட்டுக்கே காட்டியது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கேத் லேப்களை இரவும் பகலும் இயக்கத் தேவையான நிபுணர்கள், தொழில்நுட்பர்கள், செவிலியர்களை நியமித்தால் இரண்டு பயன்கள் உண்டு. இயந்திரத்தின் நிலைச்செலவு அதிகச் சிகிச்சைகளில் பகிரப்படும் என்பது ஒன்று. ஓர் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்ற கணக்கு அரசின் கையில் இருக்கும் என்பது மற்றொன்று. அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட்டால், தனியார் கட்டணத்தை ஒப்பிட மக்களுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். கட்டணத்தைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதற்கு முன்பே, வெளிச்சத்தால் கட்டுப்படுத்தலாம்.

விலைக் கட்டுப்பாட்டின் அலகும் மாற வேண்டும். தனித்தனிப் பொருளுக்கு வரம்பு விதித்துக்கொண்டே போனால், வரம்பில்லாத புதிய பொருள் ஒன்று எப்போதும் முளைத்துக்கொண்டே இருக்கும். சிகிச்சைக்குத் துணையாகும் பொருள்களில் விநியோகச் சங்கிலி முழுவதற்குமான லாப விகிதத்தை வரையறுப்பதே பொருத்தமானது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் கூடம், மருத்துவர், பொருள்கள், மருந்து, படுக்கை என ஐந்து தலைப்புகளில் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில், தமிழில் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். செலவு மதிப்பீட்டையும் விவரமான ரசீதையும் பெறும் உரிமையைத் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம் ஏற்கெனவே வலியுறுத்துகிறது. அதை மருத்துவமனைச் சுவரில் தொங்கும் சட்டகத்திலிருந்து வரவேற்பு மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பயன்படுத்திய ஒவ்வொரு கருவியின் பெட்டியிலும் உள்ள ஒட்டுவில்லையை விடுவிப்புக் குறிப்பில் ஒட்டித் தருவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒருவருக்குப் பயன்படுத்திய கதீட்டரைத் தூய்மைப்படுத்தி மற்றொருவருக்கும் பயன்படுத்திவிட்டு, இருவரிடமும் முழு விலை வாங்குவதாக எழும் சந்தேகங்களுக்கு அதுவே விடையாகும்.

நோயாளிகளின் பங்கும் இதில் உண்டு. இது அவசர நிலையா? இப்போது செய்யாவிட்டால் என்னவாகும்? மருந்துகளால் முடியுமா? எத்தனை ஸ்டென்ட், எந்த நிறுவனத்துடையது? மொத்தச் செலவு எவ்வளவு, அதற்குமேல் போனால் எதனால்? இக்கேள்விகளைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நேர்மையான மருத்துவர் இவற்றை வரவேற்கவே செய்வார். பலர் கேட்காமலே விளக்குகிறார்கள்.

கால் ஓர் அங்குலத் துளை வழியே இதயம் வரை சென்று உயிரை மீட்டுத் திரும்பும் அறிவியல், மனித ஆற்றலின் பெருமிதங்களுள் ஒன்று. படத்தில் ஒரு மயிரிழை அடைப்பையும் தெளிவாகக் காட்டும் அதே கூடம், ரசீதில் மட்டும் எதையும் காட்டாமல் இருப்பது முரண். அந்த நள்ளிரவில் மகன் கையொப்பமிடும் படிவத்தில் உள்ள எண்ணுக்கு விளக்கம் கேட்க அவருக்கும், அதைவிட முதன்மையாக, உள்ளே விழித்திருக்கும் தந்தைக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நடைமுறையாக்குவது அரசின் கடமை.